ஆவி பிடித்த இரண்டு வருஷம்

மெத்தைக்காரர் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். உள்ளே இருப்பது புதுப் பஞ்சா, பழசை அடித்துச் சேர்த்ததா என்று சொல்லிவிடுவார். கடையில் உறை தைத்தது அவர் அக்கா. தாய் போனபின் மூன்று தம்பிகளையும் ஆளாக்கி, மூத்தவர்கள் இருவருக்கும் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டு, கடைக்குட்டியான இவரோடு தங்கிவிட்டவள்.

"தலை கனமா இருக்குடா" என்று அவள் சொன்னபோது, "நீர் கோத்திருக்கும்கா, ஆவி பிடி" என்றார் தம்பி. இரண்டு வருஷம் பிடித்தாள். அதற்குள் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடை தேய்ந்தது. ஊசியில் நூல் கோத்துவிட்டு எதற்கென்று மறந்தாள். பிறகு படுக்கை நனைந்தது. வயசு என்று எண்ணி அவர் மெத்தைமேல் ரப்பர் விரிப்பைப் போட்டார்.

விழுந்து நெற்றி கிழிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

"தலைக்குள்ள நீர் கோத்திருக்குங்க" என்றாள் டாக்டரம்மா.

"அதைத்தானே நான் ரெண்டு வருஷமா சொல்றேன்?"

"இது சளி இல்லீங்க. மூளைக்குள்ள தேங்கி, உள்ளேருந்து அழுத்துது. மூளை எவ்வளவு இறுகியிருக்குன்னு பாக்கணும். தலைக்கடியில ஒரு தட்டு அதிரும், மெஷின் படம் எடுக்கும்."

"தொட்டுப் பாக்காமலேயா?"

"அங்க யாரு கையும் போகாதுங்க."

மெஷினை விட்டு வெளியே வந்த அக்கா முகம் சுளித்தாள். "என்னடா மெத்தை அது, தடதடன்னு ஆடுது. நம்ம சரக்கா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பாங்க."

படத்தில் மூளையின் சில இடங்கள் இறுகியிருந்தன. குழாய் வைத்து நீரை வயிற்றுக்கு வடியவிடலாம், ஆனால் நடை எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள் டாக்டரம்மா.

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

அவள் படத்தை உறைக்குள் போட்டாள். வருஷக்கணக்கில் அமுங்கிக் கிடந்த பஞ்சு, பாரத்தை எடுத்தாலும் எழும்பாது. அதை அடித்து எழுப்ப மெத்தைக்காரருக்குத் தெரியும். இதை என்ன செய்வது?

குழாய் வைத்து மூன்று மாதம் ஆயிற்று. படுக்கை நனைவதில்லை. கால் மட்டும் அப்படியே. குளியலறை வாசலில் நின்று, எடுத்து வைக்கக் காலைத் தேடிக்கொண்டிருந்தாள் அக்கா. அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கனம் சுத்தமா போயிடுச்சுடா" என்றாள் அவள், சந்தோஷமாக. "நீ சொன்ன ஆவிதான் கேட்டுது."

அவர் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது இன்னும் எழவில்லை.