குதிகாலுக்கு வாய் கிடையாது

"ஐயோ, குதிகால்!" என்று கிரிசாந்தோ அலறியதும் சுற்றி நின்ற நர்சுகள் அத்தனை பேரும் கையை எடுத்துவிடுகிறார்கள்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் ஒரு மருத்துவமனையில் தள்ளுவண்டி தள்ளுகிறவர் அவர். எலும்பு அறுவை அரங்குக்குப் புதிய நர்சுகளைப் பழக்கும் நாட்களில் மட்டும் நோயாளி வேஷம். மேசையில் மல்லாந்து கிடப்பார். பாதத்தை இரும்புக் காலணிக்குள் பூட்டிக் காலை இழுப்பார்கள். தொடைகளுக்கு நடுவே முட்டுக்கம்பம் வைப்பார்கள். "மெதுவா இந்தாய், வீட்ல எனக்குப் பொண்டாட்டி இருக்கா!" என்பார். சின்னப் பெண்கள் எல்லாருமே அவருக்கு 'இந்தாய்'தான்; அவர்களுக்கு அவர் 'மானோங்', அதாவது அண்ணன். ஒருத்தியின் கை சில்லென்றிருக்கும், இன்னொருத்தி காலை விறகுக்கட்டை மாதிரித் தூக்குவாள், எதையும் விடமாட்டார். சரியான தொணதொணப்பு! மத்தியானம் அதே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து நூடுல்ஸ் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

"ஏன் மானோங், இப்படி உயிர் போற மாதிரி கத்துறீங்க?" என்று ரோவேனா ஒருநாள் கேட்டே விட்டாள். காலணிக்குள் பஞ்சு வைக்க மறக்கிறவள் எப்போதும் அவள்தான்.

"முதுகுல ஊசி போட்டா கீழே எல்லாம் மரத்துப் போயிடும். குதிகால் நசுங்கினாலும் தெரியாது. எலும்பு நல்லாச் சேர்ந்தும், குதிகால் புண்ணால மாசக்கணக்கா நடக்காத ஆளை நான் தள்ளியிருக்கேன். அதுக்கு வாய் கிடையாது இந்தாய். அதான் நான் கத்துறேன்."

போன மழையில் ஜீப்னி வண்டிப் படியில் வழுக்கி விழுந்து அவருக்கே தொடையெலும்பு முறிந்தது. அதே மேசை, நிஜ ஊசி. பயிற்சி முடித்திருந்த ரோவேனாதான் அன்று பணியில். நடக்க முடியாவிட்டால் தள்ளுவண்டியை யார் தள்ளுவது? தலையைத் தூக்கக் கூடாதென்று வேறு சொல்லிவிட்டார்கள்.

"இந்தாய், குதிகால்..."

"பஞ்சு வச்சாச்சு, மானோங்."

"நெசமாவா? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"தெரியாதுதான். நான் ரெண்டு தடவை கையை விட்டுப் பார்த்துட்டேன்."

அவருக்கு மனசு ஆறவில்லை, பாவம். மறுபடி கத்த வாயைத் திறந்தார். அதற்குள் ரோவேனா தலைமாட்டுக்கு வந்திருந்தாள். மேசைப் பக்கவாட்டுப் பலகையில் நீட்டியிருந்த அவர் கையின் முழங்கை அதன் விளிம்பில் அழுந்திக் கிடந்தது. பயத்தில் அவரே அதைக் கவனிக்கவில்லை. அவள் அவர் கையை மெல்லத் தூக்கி, அடியில் ஒரு பஞ்சுத் திண்டைச் செருகினாள்.

கிரிசாந்தோ திறந்த வாயை மூடிக்கொண்டார்.