விடுபட்ட வீடு எதுவும் இல்லை

காலை பத்தேகால் மணிக்குக் கிறிஸ்டினாவுக்குச் செய்தி வந்தது. போனில் பேசியவர் சாம்பசிவன், அவள் கணவர் யேசுதாசனின் மேற்பார்வையாளர்.

"அக்கா, அண்ணன் ஏரிக்கரையில மயங்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். உயிர் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததைக் கேட்டார். "நேத்து வரைக்கும் எழுதின பட்டியல் நோட்டு வீட்லதானே இருக்கு? இன்னிக்கு சாயங்காலம் ஆபீஸ்ல குடுத்தாகணும்."

மதியம் உடலோடு அவரும் வந்தார். கிறிஸ்டினா எழுந்து போய் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை அக்குளில் வைத்துக்கொண்டே மாலை போட்டுவிட்டுப் போனார்.

யேசுதாசன் பம்மலில் தோல் ஷெட்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஷெட்டை மூடிய பிறகு மூன்று வருடம் கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். ஐம்பத்தொன்றாவது வயதில் இந்தக் காண்டிராக்ட் வேலை வந்தது. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் ஏரிகளையெல்லாம் பூங்காவாக்கி, ஒரே நடைபாதையால் கோக்கும் முப்பது வருடத் திட்டம். அதில் அவர் வீடுகளை அளக்க டேப் பிடிக்கும் ஆள். முப்பது வருடம் கழித்து வரப்போகும் மரங்களைப் பற்றி அவர் ராத்திரிச் சோற்றில் கைவைத்தபடி பேசுவார். கரை முழுக்க நிழலாம். சைக்கிளுக்குத் தனி வழியாம்.

"அந்த வழி நம்ம அடுப்பு மேலதான் போவுது, தெரியும்ல?" என்பாள் கிறிஸ்டினா.

"தெரியாமயா? அதுக்குத்தானே வூட்டுக்கு வூடு நம்பர் போடறோம். நம்பர் இருந்தா மாடி வூடு. இல்லன்னா நடுரோடு."

இரும்புலியூர்ப் பக்கத்து ஏரிக்கரையில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். நிலைப்படியில் மஞ்சள் பெயின்டால் எண் எழுத வேண்டும். நோட்டில் குடும்பத் தலைவர் பெயர், வீட்டின் நீளம், அகலம் எழுத வேண்டும். அவர் வீடு வரிசையில் மூன்றாவது. இரண்டு எழுதிவிட்டுத் தன் நிலைப்படியில் பிரஷ்ஷை வைக்கப் போனார். பைப்படியில் குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டுத் தையல்நாயகி குரல் கொடுத்தாள்.

"இன்னா யேசண்ணா, ஊருக்கு நம்பர் போட வந்துட்டு உன் வூட்டுக்குப் போட்டுக்கினு கீற? கவர்மெண்டு பெயின்டு இனிக்குதா?"

பைப்படியே சிரித்தது. யேசுதாசன் பிரஷ்ஷை டப்பாவுக்குள் போட்டார். தையல்நாயகியின் வீட்டுக்கு மூன்று என்று எழுதினார்.

அன்று ராத்திரி கிறிஸ்டினா விடவில்லை. "அவ கெடக்கறா. போய்ப் போட்டுட்டு வா."

"பந்தியில பரிமாறுறவன் மொதல்ல உக்காந்து துன்னுவானா? எல்லாருக்கும் ஆவட்டும். கடைசி நம்பர் நமக்கு."

பத்து நாள் அப்படியே போயிற்று. பதினோராம் நாள்தான் கெடு. மேற்குக் கோடியில் நான்கு வீடுகள் மீதி, அதன்பின் தன் வீடு என்று சொல்லிவிட்டுப் போனவர், இரண்டாவது வீட்டின் முன்னால் விழுந்தார். மீதியைச் சாம்பசிவனே எழுதி முடித்தார். யேசுதாசன் வீட்டு வாசலில் அவர் கால் மணி நேரம் நின்றிருந்தார். பிணம் கிடக்கும் வாசலில் பெயின்ட் அடிக்க மனம் வரவில்லையோ, நினைவே வரவில்லையோ, கிறிஸ்டினாவுக்குத் தெரியாது. அவளுக்கும்தான் நினைவு வரவில்லை.

நாற்பது நாள் கழித்து ஆபீஸில் மாடி வீட்டுக்கான டோக்கன் கொடுத்தார்கள். கிறிஸ்டினா வரிசையில் நின்றாள். அவள் பெயர் இல்லை. சாம்பசிவன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'விடுபட்ட வீடு எதுவும் இல்லை' என்று அச்சடித்திருந்தது. கீழே யேசுதாசனின் கையெழுத்து.

"அண்ணனே எழுதிக் குடுத்திருக்காரேக்கா."

"சார், அவரு செத்தப்போ வேலையே முடியல. இது எப்போ போட்ட கையெழுத்து?"

"மொத நாளே வாங்கிடுவோம். அப்புறம் யார் பின்னாடி அலையறது? எல்லா ஏரியிலயும் அப்படித்தான்." குரலைத் தணித்துக்கொண்டார். "இப்ப நான் போய் ஒரு வீடு விட்டுப்போச்சுன்னு சொன்னா, செத்தவரு பொய்க் கையெழுத்துப் போட்டாருன்னு ஆகும். அவருக்கு அந்தப் பேரு வேணுமா?"

சுவரில் திட்டத்தின் படம் பெரிதாகத் தொங்கியது. ஏரியைச் சுற்றிப் பச்சைக்கோடு. அவள் வீடு இருக்கும் இடத்தில் ஒரு பெஞ்சும் குடை போல ஒரு மரமும் வரைந்திருந்தார்கள். அவள் சாம்பசிவனைப் பார்ப்பதை விட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே தையல்நாயகி டோக்கனை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்டினாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் தமாசுக்குச் சொன்னேன்க்கா. அதுக்குன்னு வுட்டுடுவாரா ஒரு மனுசன்?" என்றாள். பிறகு, "எங்க வூட்டுக்காரரா இருந்தா மொத வேலையா போட்டிருப்பாரு" என்றும் சொன்னாள்.

மேல்முறையீட்டு மனு ஒன்று உண்டு என்று யாரோ சொன்னார்கள். கிறிஸ்டினா அதை வாங்கி வந்து, கணவர் பெயர், இறந்த தேதி, ரேஷன் கார்டு எண், கரையில் குடியிருக்கும் வருடங்கள் எல்லாம் நிரப்பினாள். நீளம், அகலம் என்ற இரண்டு கட்டங்களை மட்டும் பட்டியல் எடுத்த பணியாளரே அளந்து எழுத வேண்டும். மனு கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இன்று வியாழன். அந்த வீட்டை இதுவரை யாரும் அளக்கவில்லை.