இரும்புத் தூணில் கட்டிய வயர்

ஐப்பசி பதினெட்டாம் தேதி, மாலை ஆறு மணி பத்து நிமிடம். மூன்றாவது நாளாகத் தூறல், கூடவே வாடைக்காற்று. கீழப்பழுவூர் வயலில் எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு விளக்கில்லை என்று, மோட்டார் ரூமிலிருந்து நாற்பத்திரண்டு அடி வயரை நானே இழுத்து ஒரு பல்பு போட்டிருந்தேன். அன்றோடு பதினோரு நாள். தகரக் கூரையை ஒட்டி, இரும்புத் தூணில் வயரைக் கட்டியிருந்தேன். காற்றில் தகரம் ஆடி ஆடி வயரின் தோலை அறுத்திருந்தது எனக்குத் தெரியாது.

ஸ்விட்சைப் போட்டேன். தூணில் சங்கிலியால் கட்டியிருந்த கறவைப் பசு ஒரே முறை கத்திவிட்டுச் சாய்ந்தது. பால் கறக்கச் செம்போடு வந்த என் மனைவி நாலு எட்டு தள்ளி நின்றாள்.

"எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? முந்நூறு ரூபா கூலி அதிகம்னீங்க," என்றாள். அழவில்லை.

மறுநாள் வந்த லைன்மேன் வயரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயா, இது மோட்டாருக்குக் குடுத்த இலவச கரண்ட். கொட்டாய்க்கு இழுத்ததே தப்புங்க. இதுல மாட்டுக்கு நஷ்டஈடு எங்க கேக்குறது?"

அந்த நாலு எட்டை இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பசு அறுபத்திரண்டாயிரம், அபராதம் நாலாயிரத்து எண்ணூறு. மொத்தம் அறுபத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய்.