தமிழை விட்டுவிட்டு வாசித்த பெட்டி

அக்காவுக்குக் கண்பார்வை போன பிறகு, எழுத்தைக் குரலாக வாசிக்கும் ஒரு மென்பொருளை அவளுக்காக எழுதினேன். என் பழைய மடிக்கணினியில் அது இரண்டு வருடம் நன்றாக ஓடியது. மடிக்கணினி பழுதானதும் உள்ளங்கை அளவான ஒரு கணினிப் பலகை வாங்கி, ஒலிபெருக்கியோடு சின்னப் பெட்டியில் பொருத்தினேன். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கி, ரத்தோட்டையில் எங்கள் வீட்டு ஜன்னல்களை மூடியிருந்த வாரம் அது.

பலகையின் சிப் வேறு வகை. பழைய சிப்புக்காகச் செய்து வைத்திருந்த ஒரு லைப்ரரி கோப்பை, அதாவது துணை நிரலை, அது ஏற்கவில்லை. நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் பில்ட் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது. பழையவற்றை எல்லாம் அழித்துவிட்டு, மூல நிரலிலிருந்து அந்தப் பலகையிலேயே புதிதாகச் செய்யத் தொடங்கினேன். திரையில் வரிகள் மெதுவாக ஏறின. வெளியே தேயிலையும் வானமும் ஒரே நிறம். நான் விழித்திருக்கிறேனா என்பதே சில நேரம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை பில்ட் பிழையில்லாமல் முடிந்தது. அக்கா ஆசிரியையாக இருந்த கடைசி வருடம் பிள்ளைகள் மழையைப் பற்றி எழுதிய கட்டுரைகளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன்; அவற்றில் ஒன்றைப் போட்டேன்.

"ஏழு," என்றது பெட்டி. கொஞ்சம் பொறுத்து, "டீவி." அவ்வளவுதான்.

அக்கா சிரித்துவிட்டாள். "என்னடி, இது தமிழ மறந்துருச்சா?"

நான் நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாத. இன்னொருக்கா போடு."

"ஒண்ணும் வரலையேக்கா."

"வருது. நீ போடு."

தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அதுல எத்தன வசனம் இருக்கு?"

எண்ணிப் பார்த்தேன். "பதினொண்ணு."

"பதினோரு தடவ டிக்குனு ஒரு சத்தம் வந்துச்சு. முற்றுப்புள்ளியில எல்லாம் நிக்குது. தமிழ் எழுத்த மட்டுந்தான் விட்டுட்டுப் போகுது."

அப்போதுதான் எங்கே தேட வேண்டும் என்று புரிந்தது. கணினிக்குள் எழுத்துகள் எண்களாகத்தான் இருக்கின்றன. பழைய கணினியில் தமிழ் எழுத்தின் எண்கள் பூச்சியத்துக்குக் கீழே விழும். கீழே விழுந்தால் தமிழ் என்று எழுதி வைத்திருந்தேன். புதிய பலகையில் எந்த எழுத்தும் பூச்சியத்துக்குக் கீழே போவதே இல்லை. தமிழ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. கட்டுரையில் இலக்கமாக இருந்த 7-ஐயும் ஆங்கிலத்தில் இருந்த TV-ஐயும் மட்டும் வாசித்திருக்கிறது. இத்தனை காலம் என் நிரல் சரியாக ஓடியது அந்தச் சிப்பின் தயவில்தான் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடி பில்ட் செய்தேன். பெட்டி வாசித்தது: "எங்கள் வீட்டுத் தகரத்தில் மழை முதலில் மெதுவாகத்தான் பேசும்."

அக்கா பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"இத எழுதுனவ பின் வரிசையில இருந்தா. வருஷம் முழுக்க ஒரு வார்த்த பேசல."

மீதிக் கட்டுரைகளையும் போடச் சொன்னாள். மத்தியானச் சோற்றை மறந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.