அமலி போடாத கையெழுத்து

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டிருந்த அமலியைத் தேடி, 1984 மார்ச்சில் ஒருநாள், பழனி பஞ்சாமிர்தக் கடை குருநாதன் வந்தார். பத்து வருஷமாக அவள் முகத்தில் முழிக்காத மனுஷன். கையில் ஒரு டப்பா பஞ்சாமிர்தம்.

"நல்லாருக்கியா அமலி?"

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சின்னச் சோலிதான். படகை விக்கப்போறேன். லைசென்ஸ் ஆபீஸ்ல ஒன் கையெழுத்து வேணுங்கிறாங்க."

"ஒங்க படகுக்கு என் கையெழுத்து எதுக்குங்க?"

அவர் டப்பாவைத் துவைக்கிற கல்மேல் வைத்தார். காரணம் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏரிக்கரையில் குருநாதனுக்கு ஒரு பங்களாவும் ஒரு படகும் இருந்தன. சீசனில் பங்களாவை வாடகைக்கு விடுவார். தங்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிப்போவது அமலியின் புருஷன் அருளப்பனுக்கு மாசச் சம்பள வேலை. 1974 மே மாதம் ஒரு சாயங்காலம், ஐந்து பேர் ஏறவேண்டிய படகுக்கு ஒன்பது பேர் நின்றார்கள்.

"காத்து ஒரு மாதிரி இருக்குங்க. ரெண்டு நடையாக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் அருளப்பன்.

"அவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுடா. வெரசா ஒரே நடையில முடிச்சிட்டு வா" என்றார் குருநாதன்.

பங்களா வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அமலி இதைக் காதால் கேட்டாள். அரை மணி நேரத்தில் படகு கவிழ்ந்தது. ஆறு வயசுப் பெண்குழந்தை ஒன்றும், அதைத் தேடி இரண்டாம் தடவை முங்கிய அருளப்பனும் திரும்பி வரவில்லை.

போலீஸ் விசாரித்தபோது, படகு தன்னுடையதே இல்லை, போன மாசமே அருளப்பனுக்கு விற்றாயிற்று என்றார் குருநாதன். முந்தின மாசத் தேதி போட்டு லைசென்ஸ் ஆபீசுக்கும் அப்படியே ஒரு கடுதாசி கொடுத்தார். செத்தவனைக் கூப்பிட்டா கேட்க முடியும்? அமலி சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கூலிக்கு ஆசைப்பட்டு ஆளை அடைத்துப் பச்சைப்பிள்ளையைக் கொன்றவன் என்று அருளப்பனுக்குப் பேர் வந்தது. மாதாகோயிலில் அமலி உட்கார்ந்த பாயில் படகுக்காரர் வீட்டுப் பெண்கள் உட்காரவில்லை. குழந்தையின் தாய் ஆஸ்பத்திரி வாசலில் அவள் முகத்தில் காறித் துப்பினாள். அந்த எச்சிலைத் துடைக்கும்போதே அமலி முடிவுகட்டிவிட்டாள், இந்த ஆளை விடுவதில்லை என்று. எப்படி என்றுதான் தெரியவில்லை. அன்றிலிருந்து கோயில் ஜெபத்தில் மன்னிக்கிற இடம் வந்தால் அவள் மட்டும் வாயை மூடிக்கொள்வாள்.

இப்போது வழி தானாகவே துவைக்கிற கல்வரை வந்து நிற்கிறது.

"திங்கக்கிழமை வாரேங்க. வாங்குறவரையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். குருநாதன் சந்தோஷமாகப் போனார். பஞ்சாமிர்தத்தை அவள் சாக்கடையில் கவிழ்த்தாள்.

வாங்க வந்தவர் திண்டுக்கல் குழந்தைவேல். லாட்ஜ் நடத்துவதற்குப் பங்களாவையும் படகையும் சேர்த்துப் பேசியிருந்தார். படகு மாறினதும் பங்களாப் பத்திரம் என்று ஏற்பாடு. ஆபீசில் கிளார்க் உபகாரம் பழைய பைலைத் திறந்து கடுதாசியைக் காட்டினார்.

"இதுப்படி கடைசி ஓனர் அருளப்பன். நீங்க வாரிசு. இங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா பேர் மாத்திரலாம்மா."

அமலி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தவள். ஒவ்வொரு எழுத்தாக வாசித்து முடித்தாள்.

"அப்ப படகு என்னோடதுங்களா?"

"பைல்படி ஒங்களதுதான்."

"அப்படின்னா நான் விக்கலை."

குருநாதனுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஏ அமலி, என்ன பேசுற? அது அன்னைக்கு ஒரு இதுக்காக எழுதினது. படகு என்னைக்கும் என்னோடதுதானே? ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுங்க. பைலுக்குத் தெரியலையே. எழுதிக் குடுத்திருங்க."

உபகாரம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பழைய கடுதாசி சரியில்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்தா இந்தம்மா கையெழுத்தே வேண்டாங்க."

குழந்தைவேல் கடிகாரத்தைப் பார்த்தார். கேஸ் முடிந்து பத்து வருஷமாகிவிட்டது, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, குருநாதன் பேனாவை எடுத்தார். படகை விற்றதாகத் தவறுதலாக எழுதிவிட்டேன் என்று ஆரம்பித்தார்.

"தவறுதலா இல்லைங்க. பொய்யா எழுதினேன்னு போடுங்க. ஒம்பது பேரை ஏத்தச் சொன்னது நீங்கதான்னும், அதுல ரெண்டு பேர் செத்தாங்கன்னும் போடுங்க. இல்லைன்னா படகை நான் வீட்டுக்கு இழுத்துட்டுப் போறேன்."

போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார். அமலி அந்தத் தாளை எடுத்து, குழந்தைவேல் பக்கம் திரும்பி நின்று, சத்தமாக வாசித்தாள். இரண்டு பேர் செத்த இடம் வந்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இதையெல்லாம் எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையேங்க."

"அது பழைய கதைங்க..."

"ஒரு படகுக்கே இப்படிப் பொய் எழுதினவர், வீட்டுப் பத்திரத்துல என்னென்ன எழுதி வச்சிருக்கீங்களோ? எனக்கு ரெண்டும் வேண்டாம்."

அவர் போய்விட்டார். குருநாதன் அந்தத் தாளைப் பிடுங்கப் பார்த்தார். உபகாரம் அதற்குள் ஆபீஸ் முத்திரையைக் குத்திவிட்டார்.

நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு அமலி நேரே படகுக்காரர்கள் ஷெட்டுக்குப் போய், நின்றபடியே மறுபடி வாசித்தாள். மூத்தவர் ஆரோக்கியதாஸ் தலையில் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்தார். "தப்பு பண்ணிட்டோம் தாயி" என்றார். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். துப்பிய தாய்க்கும் ஒரு நகல் அனுப்பவேண்டுமென்று ரொம்ப நாள் முகவரி தேடினாள். கிடைக்கவில்லை.

பழைய கேஸைப் போலீஸ் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் கதை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. பங்களா கேட்டு வருகிறவர்களுக்குப் படகுக்காரர்களே அதைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு சீசன் பூட்டியே கிடந்த பங்களாவைக் கடைசியில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, குருநாதன் மலை ஏறுவதையே விட்டார்.

1987-ல் அவர் பழனியில் செத்துப்போனார் என்று ஆரோக்கியதாஸ்தான் வந்து சொன்னார். அமலி போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ரொம்ப நாள் படுக்கையில கெடந்தாரா?"

"இல்ல தாயி. தூக்கத்துலயே போயிட்டாராம்."

அமலிக்கு அது பிடிக்கவில்லை. போர்வையை இன்னொரு முறுக்கு முறுக்கிக் கொடியில் வீசினாள்.