செல்லமுத்து அண்ணன் பின்னிய பூனை வீடு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. திரையில் ‘செல்லமுத்து அண்ணன்’ என்று பெயர் வந்ததால் ஈரக் கையோடே எடுத்து, வழக்கம்போல, “என்னண்ணா, ஃபோர்மேன் சௌக்கியமா?” என்று கேட்டேன். மறுமுனையில் ஒரு பெண் குரல். “அம்மணி, நான் பாவாயிங்க. அவரோட தங்கச்சி. அண்ணன் விடியக்காலம் போயிட்டாருங்க” என்றது. குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன். பாவாயி அக்காதான் மீண்டும் பேசினார். “நீங்க கேட்டீங்களே, ஃபோர்மேன் சௌக்கியமாத்தானுங்க இருக்குது.” அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஃபோர்மேன் என்பது அவருடைய பூனை. மேட்டூர் அனல்மின் நிலையக் குடியிருப்பில் இருந்தவர்களும் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களில் பலருக்கு அவர் கிரேன் செல்லமுத்து. எனக்கு எதிர்வீட்டு அண்ணன். இரண்டாம் மாடியில் அவர் கதவும் என் கதவும் ஒன்றையொன்று பார்த்தபடி பதினோரு வருடம் இருந்தன. அவர் மனைவி முன்பே தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. நான் தண்ணீர்ப் பரிசோதனைப் பிரிவில் கெமிஸ்ட். என் சுத்தப் பைத்தியம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். படிக்கட்டில் செருப்புத் தடம் பார்த்தே யார் ஏறிப் போனார்கள் என்று கண்டுபிடித்துச் சண்டைக்குப் போகிறவள். அவர் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் வாசலைக் கடந்து போவார், வேண்டுமென்றே, நான் பார்க்கும்படி.

வேலையில் அவரை ஒரு முறைதான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வருடாந்திரப் பராமரிப்பு நேரம். டர்பைன் கூடத்துக்குள் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். தலைக்கு மேலே கிரேன் கூண்டில் அவர். கீழே ஒருவர் நின்று கையைக் காட்ட, காட்ட, டர்பைனின் சுழல்தண்டான, பல டன் எடையுள்ள ரோட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் வாயால் பேசுவது நடக்காத காரியம். ரோட்டர் அதன் இடத்தில் உட்கார்ந்தபோது ஒரு சத்தம்கூட எழவில்லை. மாலையில் படிக்கட்டில் பார்த்துப் பாராட்டினேன். “அதுல என்னுங்க இருக்குது? மேல இருந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். நம்ம கண்ணை நம்பக்கூடாதுங்க அம்மணி. கீழ இருக்கறவன் கையை நம்போணும்” என்றார். நான் ஏதோ தொழில் பேச்சு என்று கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பூனை ஒரு மழை நாளில் படிக்கட்டில் வந்து சேர்ந்தது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லார் வீட்டு வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதனால் ஃபோர்மேன் என்று பெயர் வைத்தார். அது குட்டி போட்ட பிறகுதான் பெண் என்று தெரிந்தது. பெயரை மாற்றச் சொன்னேன். “பதவியில ஆம்பளை பொம்பளை ஏதுங்க?” என்றார். அவ்வளவுதான், பெயர் நின்றுவிட்டது. குட்டிகளைக் குடியிருப்பில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். நான் எடுக்கவில்லை. என் வீட்டில் முடி கொட்டும் பிராணிக்கு இடமில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது பேச்சு ஆரம்பித்தது. வீட்டைக் காலி செய்து வெண்ணந்தூரில் தங்கையோடு போய் இருப்பதாக முடிவு. ஃபோர்மேனை என்ன செய்வது? எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள், நான் உட்பட. பூனைக்கு ஆள் முக்கியமில்லை, வீடுதான் முக்கியம். கூட்டிப்போனாலும் ஓடிவிடும், இங்கேயே விட்டுவிடுங்கள் என்றோம். அவர் மறுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு என் கதவைத் தட்டினார். “நீங்க சொல்றது நெசந்தானுங்க. அதுக்கு ஊடுதான் வேணும். அப்ப கையில தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு ஊட்டைப் பண்ணிக் குடுத்தறலாம். இப்பவே குடியேறி அதுல பழகிடுச்சுன்னா, அப்பறம் ஊட்டோட தூக்கிட்டுப் போயிடலாமில்லீங்க?” நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அட்டைப்பெட்டி ஊறிப் போகும், மரப்பெட்டி கனக்கும், பிளாஸ்டிக்கில் எந்த வாசமும் ஒட்டாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷாவுக்கு வந்தார். அறுபது வயதை நெருங்கும் கிரேன் ஆபரேட்டர், கைப்பேசியில் வெளிநாட்டுப் பெண் ஒருவரின் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்த அம்மா பேசுவது என்ன மொழி என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. முகமும் தெரியாது. இரண்டு கை, ஒரு ஊசி, அவ்வளவுதான். எப்படிப் புரிகிறது என்று கேட்டேன். “முப்பது வருசம் கையைப் பாத்துத்தானுங்க வேலை செஞ்சேன். இந்தம்மா நல்லாச் சைகை குடுக்குதுங்க” என்றார்.

மேட்டூர் வெயிலில் பூனைக்கு ஸ்வெட்டரா என்று குடியிருப்பே கேலி செய்தது. அவர் உல்லன் நூலைத் தொடவே இல்லை. வெண்ணந்தூர்த் தறிகளில் மிச்சமாகும் பருத்தி நூலைத் தங்கையிடம் சொல்லி வரவழைத்தார். ஏழெட்டு இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னினார். முதலில் வட்டமாக அடித்தளம். ஒவ்வொரு சுற்றிலும் இத்தனை பின்னல் கண்ணிதான் கூட்ட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம்; அது தெரியாமல் அள்ளிக் கூட்டிவிட்டார். தட்டையாக வர வேண்டியது, கோழிக்கொண்டை போல ஓரமெல்லாம் சுருண்டு நின்றது. பத்து நாள் வேலை. அவர் நுனியைப் பிடித்து இழுத்து மொத்தத்தையும் பிரித்துப் பந்தாகச் சுற்றிவிட்டு, டீ குடிக்கப் போனார்.

ஒன்றரை மாதத்தில் வீடு தயாரானது. வட்டமான தரை, முழங்கால் உயரச் சுவர், நிமிர்ந்து நிற்பதற்காகப் பழைய தோட்டத்துக் குழாயை வளையமாக்கி உள்ளே வைத்துப் பின்னியது. நுழைய ஒரு வாசல், காற்றுக்கு இரண்டு சன்னல். மேலே குவிந்து முடியும் கூரை. ஃபோர்மேன் மூன்று நாள் அதன் மேலே ஏறிப் படுத்துக் கூரையை நசுக்கியது. நான்காம் நாள் உள்ளே போனது. அதன் பிறகு அவர் ஒத்திகையை ஆரம்பித்தார். இந்த வாரம் கூடத்தில், அடுத்த வாரம் சமையலறையில், அதற்கடுத்த வாரம் பால்கனியில். வீட்டை எங்கே வைத்தாலும் பூனை தேடிப் போய் அதற்குள்ளேயே படுத்தது. “பாத்தீங்களா அம்மணி!” என்று ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். உள்ளே முடி சேர்ந்து, வாடை ஏறி, அது பூனையின் சொந்த வீடாகவே ஆகியிருந்தது.

அதை நான் துவைத்தேன்.

இதை எழுதாமல் அவருக்கு அஞ்சலி எழுத முடியாது. காலி செய்ய மூன்று வாரம் இருந்தது. வயிற்றில் ஏதோ தொந்தரவு, சில சோதனைகள் என்று சொல்லி, சேலத்தில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்கப் போனார். சாவியை என்னிடம் கொடுத்து, பூனைக்குச் சோறு வைக்கச் சொன்னார். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் அந்த வீட்டைக் குனிந்து பார்த்தவள் தாங்க முடியாமல் தூக்கிப்போய்ச் சோப்புத் தூளில் ஊறவைத்து, கிருமிநாசினி விட்டு அலசி, கூரை நன்றாக நிற்கட்டும் என்று கஞ்சியும் போட்டு மொட்டை மாடியில் காயவைத்தேன். வெள்ளை வெளேரென்று, கோயில் கோபுரம் மாதிரி நின்றது. அண்ணன் வந்து பார்த்தால் அசந்து போவார் என்று நினைத்துக்கொண்டேன். பூனை ஒரு முறை மோந்து பார்த்தது. திரும்பிப் போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது.

அவர் வந்தார். இளைத்திருந்தார். நான் அதைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை, கோபுரத்தைக் காட்டும் அவசரத்தில். அவர் தரையில் உட்கார்ந்து, வீட்டைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். “ஊட்டையே துவைச்சுப் போட்டீங்களே அம்மணி” என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு விளங்கியது. அத்தனை மாதம் அவர் சேர்த்துவைத்தது நூலில் இல்லை, அதில் ஏறியிருந்த வாடையில் இருந்தது. பூனையை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான், என்னால்தான். மன்னிப்புக்கூடக் கேட்காமல் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் மாலை அவரே வந்து கதவைத் தட்டினார். வீட்டின் கூரையை ஆறு சுற்றுப் பிரித்துவைத்திருந்தார். மிச்சமிருந்த கண்ணி ஓடிவிடாமல் ஒரு ஊக்கு மாட்டியிருந்தது. “நீங்க பின்னுங்க” என்றார். தண்டனை என்றுதான் நினைத்தேன். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது, இதெல்லாம் வேண்டாம் அண்ணா, நீங்களே பின்னினால் சீக்கிரம் முடியும் என்றேன். “என் கை அதுக்குப் பழகுனது. ஒரு வாரமா நீங்கதான் சோறு போட்டீங்க, உங்க கையும் அதுக்குத் தெரியும். ரெண்டும் சேந்திருந்தா வெரசா ஒத்துக்குமுங்க” என்றார். பிறகு ஒரு நிபந்தனை. “வாரப்ப சோப்புப் போடாம வாங்க.”

நாள் முழுக்கக் கை கழுவுகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்து வெறும் தண்ணீரில் கையை அலசிவிட்டு அவர் கூடத்தில் போய் உட்காருவேன். அவர் எதிரில் அமர்ந்து, வாய் திறக்காமல், கையால் காட்டுவார். விரலை மடக்கினால் இழு, விரித்தால் விடு. நான் இழுத்துப் பிடித்துப் பின்னினேன். கண்ணியெல்லாம் இறுகி, கூரை இடப்பக்கம் சாய்ந்தது. பிரித்துத் திரும்பப் பின்னுகிறேன் என்றேன். முதல் தடவை பத்து நாள் வேலையை அலட்டாமல் பிரித்துப்போட்ட மனிதர், “அது கெடக்கட்டுமுங்க, பூனைக்கு என்ன தெரியப்போகுது?” என்றார். பெட்டியெல்லாம் கட்டி முடித்த அன்று காலையில், ஃபோர்மேன் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து, பின்னல் வீட்டின் வாசல்வழியாகத் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தது. அப்புறம் மீதி உடம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டது. “வா சாமி” என்று அண்ணன் வீட்டோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். சாயங்காலம் வெண்ணந்தூரிலிருந்து அழைப்பு. “ஊரு புதுசு, ஊடு பழசு. நிம்மதியாத் தூங்குதுங்க.”

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவோம். பூனை என்ன தின்றது, எந்தத் தறிக்கூடத்தில் எலி பிடித்தது என்பதுதான் பேச்சு. ஒரு நாள் வருகிறேன் அண்ணா என்று ஒவ்வொரு வாரமும் சொன்னேன். ஐந்து மாதம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். போனது அவரைக் கடைசியாகப் பார்க்கத்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பாவாயி அக்கா என்னைத் தனியே அழைத்துப் போனார். தறிச் சத்தம் கேட்கும் பின்கட்டில் அந்த வீடு இருந்தது. உள்ளே ஃபோர்மேன். “இதை நீங்க கொண்டுட்டுப் போகோணுமுங்க. அண்ணன் சொல்லீட்டுத்தான் போயிருக்காரு” என்றார். எப்போது சொன்னார் என்று கேட்டேன். “இங்க வந்தன்னைக்கே சொல்லீட்டாருங்க. ஆஸ்பத்திரியில இருந்த அந்த ஒரு வாரத்துலயே டாக்டரு தெரிவிச்சுட்டாராமுங்க, இன்னும் கொஞ்ச மாசந்தான்னு. ஆருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. ‘எனக்கப்பறம் பூனை கெமிஸ்ட் அம்மணிகிட்டப் போயி இருந்துக்கும். அவங்க கையும் அந்த ஊட்டுல இருக்குது’ன்னாருங்க.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து ஆறு சுற்றுப் பின்னினோமே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? அவர் இளைத்திருந்ததை நான் கேட்டிருக்கக்கூடாதா? நான் துவைத்துக் கெடுத்ததைக் கொண்டே அவர் அடுத்த குடிமாற்றத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். பூனை வேண்டவே வேண்டாம் என்று சொன்னவளின் கையை நம்பி.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் வீட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சேலம் தாண்டும்போது ஃபோர்மேன் ஒரு முறை கத்தியது. கூரையில் கை வைத்தேன், அடங்கியது. இப்போது அந்த வீடு என் சமையலறை மூலையில் இருக்கிறது. கீழ்ச் சுவரெல்லாம் அண்ணனின் சீரான கண்ணிகள். மேலே என்னுடைய இறுகிப்போன ஆறு சுற்று, இடப்பக்கம் சாய்ந்தபடி. அவரிடமிருந்து எனக்கு இருப்பது அதுதான். முடி கொட்டுகிறது, வாடை அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் திரைச்சீலை முதல் கால்மிதி வரை எல்லாவற்றையும் துவைக்கிறேன். அந்த மூலைக்கு வந்ததும் வீட்டைப் பூனையோடு தூக்கி, அடியில் பெருக்கிவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கிறேன். அதைத் தூக்கும் முன் கையை வெறும் தண்ணீரில் அலசிக்கொள்கிறேன், சோப்புப் போடாமல்.

அண்ணா, நான் அதைத் துவைக்கவில்லை.