துளை அடைத்த வேன்காரர்

வேன்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். மனைவியின் அண்ணனிடம் பல வருடம் வண்டி ஓட்டி, வாங்கிய ஏச்சும் பேச்சும் போதுமென்று, "இனிமே உங்க ஸ்டியரிங்க தொட்டா ஏன்னு கேளுங்க" என்று சாவியை வீசிவிட்டு வந்தவர். வந்த வீறாப்பில் வாங்கியதுதான் இந்தக் கிழட்டு வேன். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். வருடாந்தரச் சோதனையில் வண்டி தேறும்வரை அவர் ராஜா. தேறாவிட்டால் மறுபடி மச்சான் வாசல்தான்.

போன வருடம் சோதனைக்கு முன்னால் பார்த்தால், கதவுகளுக்குக் கீழே வண்டியின் நீளத்துக்கு ஓடும் தகட்டுப் பெட்டி அங்கங்கே துருவேறிப் பொரிந்திருந்தது. பட்டறைக்குப் போவாரா மனிதர்? தன் கையே தனக்கு உதவி என்று வாசலிலேயே மல்லாந்து படுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கண்ட ஓட்டையிலெல்லாம் பட்டிப் பசையை அப்பினார்.

மனைவி குனிந்து பார்த்தாள். "ஏங்க, அடியில இருக்கிற ஓட்டையெல்லாம் வட்டமா, வரிசையா இருக்கே. துரு இப்படியா அளவெடுத்துத் தின்னும்?"

"ஆமா, இவ பெரிய இன்ஜினீயர். போய் வேலையப் பாரு."

பெயின்ட் அடித்ததும் வண்டி புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. சோதனையிலும் தேறியது. தெருவில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் அவர் இலவசமாக யோசனை சொல்லத் தொடங்கினார். அந்த வாயை இப்போது நினைத்தால் அவருக்கே அறையத் தோன்றுகிறது.

இந்த வருடம் சோதனை அதிகாரி அந்தப் பெட்டியைத் திருப்புளியால் தட்டினார். இரண்டாவது தட்டுக்கே திருப்புளி பிடிவரை உள்ளே போயிற்று. உருவியதும் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது.

"யாருங்க அடி ஓட்டைய அடைச்சது? மழைத்தண்ணி வடியறதுக்குன்னே கம்பெனிக்காரன் போட்டதுங்க அது."

வேன்காரர் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்.

"மொத்த பாடியும் இதுமேலதாங்க நிக்குது. இனி பிள்ளைங்கள ஏத்தாதீங்க."

வீட்டுக்கு வந்து இரும்புக் கம்பியால் பட்டியைப் பெயர்த்தார். பட்டியோடு தகடும் அப்பளமாய் நொறுங்கிக் கையில் வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவளோடு சண்டை போட்டு ஆறியிருப்பார். அவள் சொல்லவில்லை.

"வேற தகடு வச்சு வெல்டிங் பண்ண முடியாதாங்க?"

"எதுல வச்சுப் பண்றது? பிடிக்க நல்ல இரும்பே இல்லடி."

சொன்னதும் அழுதுவிட்டார். அவள் முந்தானையால் அவர் கையிலிருந்த துருவைத் துடைத்தாள். போகவே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே போனை எடுத்தார்.

"மச்சான், நான்தான். டிரைவர் யாராச்சும் வேணுமா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு மச்சான் சொன்னார்:

"காலைல சீக்கிரம் வந்துடு. முதல்ல வண்டியக் கழுவணும்."